ஒரு புல்தரை, இரு பந்துகள்

இந்தியாவில் முதல் முறையாக 2025 ஜூன் மாதம் நடத்தப்பட்ட ரக்பி பிரீமியர் லீக் போட்டியில் கோப்பையை வென்ற அணியின் பெயர் 'சென்னை புல்ஸ்'. சென்னையின் பெயரைத் தாங்கிய அந்த அணி தமிழ் மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆறு அணிகள் மோதிய அந்தப் போட்டி முழுவதும் மும்பை அந்தேரியில் உள்ள ஒரே அரங்கில் நடந்து முடிந்தது. அந்த அரங்கின் பெயரே 'மும்பை கால்பந்து அரங்கம்' என்பதுதான் கவனிக்கத்தக்கது. கால்பந்துப் பருவம் ஓய்ந்திருந்த இரு வார இடைவெளியில், கால்பந்துக்கென வளர்த்த புல்தரையில் ரக்பி ஆடப்பட்டது.

இரு ஆட்டங்கள் ஓர் அரங்கைப் பகிர்ந்துகொள்வது உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இது வழக்கத்தில் உள்ளது. அது சில ஊர்களில் செழித்தது. சில ஊர்களில் வழக்கிலும் திவாலிலும் முடிந்தது. இரண்டுக்குமான வேறுபாடு அரங்கின் அழகிலோ செலவிட்ட தொகையிலோ இல்லை. அடிக்கல் நாட்டுவதற்கு முன் எடுக்கப்பட்ட அளவுகளிலும், எழுதப்பட்ட ஒப்பந்தங்களிலும் இருந்தது. தமிழகத்தின் சிறு நகரங்களில் புதிய விளையாட்டரங்கங்கள் எழுப்பப்படும் இவ்வேளையில், அந்த அனுபவம் நமக்கு உதவும். குறிப்பாக, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற இணை நகரங்களுக்கு.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்விரு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 11 கிலோமீட்டர். ஒரே தேசிய நெடுஞ்சாலை, ஒரே ரயில் பாதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தில் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். ஒன்று பஞ்சாலைகளின் ஊர். மற்றொன்று ஆண்டாள் கோயிலின் ஊர். இரண்டும் தனித்தனி நகராட்சிகள், தனித்தனி சட்டப்பேரவைத் தொகுதிகள். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற நோக்குடன், முதற்கட்டத்தில் அரங்கம் ஒன்றுக்கு ரூ.3 கோடி மதிப்பீட்டில் தமிழக அரசு அறிவித்த திட்டம் நாம் அறிந்ததே. அந்தக் கணக்குப்படி இவ்விரு ஊர்களுக்கும் ஆளுக்கொன்று கிடைக்க வேண்டும். கிடைக்கட்டும். ஆனால், இரண்டும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரைந்த நகலாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். கால்பந்துக்குப் பன்னாட்டு அளவில் பரிந்துரைக்கப்படும் ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. ரக்பியின் ஆடுகளம் 94 முதல் 100 மீட்டர் நீளம், 68 முதல் 70 மீட்டர் அகலம். பார்ப்பதற்கு ரக்பி களமே சிறியதுபோலத் தோன்றும். ஆனால், ரக்பியில் பந்தைக் கம்பங்களுக்கு அப்பால் கொண்டுசென்று தரையில் ஊன்றினால் புள்ளி. அதற்காகக் களத்தின் இரு முனைகளிலும் குறைந்தது 6 மீட்டர் ஆழத்துக்குக் கூடுதல் பரப்பு வேண்டும். ஆக, முழு நீளக் களத்துக்கு 112 மீட்டர். கால்பந்தைவிட 7 மீட்டர் அதிகம்.

இந்த 7 மீட்டரில்தான் சிக்கல் முளைக்கிறது. நம் ஊர்களில் விளையாட்டரங்கம் என்றாலே 400 மீட்டர் ஓடுதளமும் அதன் நடுவே கால்பந்துக் களமும்தான் நினைவுக்கு வரும். பன்னாட்டுத் தரத்திலான ஓடுதளத்தின் வளைவு 36.5 மீட்டர் ஆரம் கொண்டது; நேர்ப்பகுதி 84.39 மீட்டர். அதன் உள்ளே 68 மீட்டர் அகலத்தில் ஒரு செவ்வகத்தை வரைந்தால், வளைவுகள் இடிக்காத வகையில் அதிகபட்சம் 111 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமே கிடைக்கும். 105 மீட்டர் கால்பந்துக் களம் அதில் அடங்கிவிடும். 112 மீட்டர் ரக்பி களம் அடங்காது. களத்தை 94 மீட்டராகக் குறுக்கினால் 106 மீட்டரில் நுழைக்கலாம். ஆனால், களத்தைச் சுற்றிலும் 5 மீட்டர் இடம் விடவேண்டும் என்ற பாதுகாப்பு வழிகாட்டுதல் நான்கு மூலைகளிலும் அடிபடும். பந்தை அணைத்தபடி மூலைக்கோட்டை நோக்கிப் பாயும் ஒருவர் ஓடுதளத்தின் விளிம்பில்போய் விழும் காட்சியை எந்தப் பயிற்சியாளரும் விரும்பமாட்டார்.

ஓடுதளம் இல்லாத செவ்வகக் களமாக அமைத்தால், சுற்றிலும் 5 மீட்டர் விட்டு, 122 மீட்டர் நீளமும் 78 மீட்டர் அகலமும் போதும். இரண்டரை ஏக்கருக்குள் அடங்கிவிடும். எட்டுத் தடங்கள் கொண்ட ஓடுதளமோ பார்வையாளர் இருக்கைகள் நீங்கலாகவே 4 ஏக்கர் கேட்கும். தவிரவும், ஓடுதளம் வந்துவிட்டால் பார்வையாளர் களத்திலிருந்து வெகுதொலைவு தள்ளிப்போகிறார். சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் கால்பந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அந்த அரங்கம் பற்றி ஒரு வார்த்தை. 1993-இல் இன்றைய வடிவில் எழுப்பப்படுவதற்கு முன் அது மாநகராட்சி விளையாட்டரங்கம். 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் குவித்து, அரை நூற்றாண்டுக் காலம் முறியடிக்கப்படாத உலக சாதனையைப் படைத்தது அங்கேதான். கிரிக்கெட் பின்னர் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. நேரு அரங்கம் தடகளத்துக்கும் கால்பந்துக்கும் உரியதாயிற்று. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. அணியின் சொந்தக் களமும் அதுவே. ஓர் இடம் தலைமுறைக்குத் தலைமுறை வெவ்வேறு ஆட்டங்களுக்கு இடம் கொடுப்பது நமக்குப் பழக்கமானதுதான். ஒரே பருவத்தில், ஒரே வாரத்தில் இரண்டுக்கு இடம் கொடுப்பதுதான் கடினம்.

ஏனெனில், புல் ஓர் உயிர். கால்பந்தில் தரை தேய்வது பெரும்பாலும் கோல் முகப்பிலும் நடுவட்டத்திலும். ரக்பியில் நடப்பது வேறு. பதினைந்து பேர் ஆடும் முழு ரக்பியில் அணிக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்' எனும் பிணைப்பு உண்டு. உயர்நிலை ஆட்டங்களில் ஒரு பக்கத்தின் எடை மட்டும் 800 கிலோவைத் தாண்டும். அத்தனை எடையும் காலணி முட்கள் வழியே தரையில் இறங்கும்போது, வேர் பலமாக இல்லாத புல் பாய் சுருள்வதுபோலப் பெயர்ந்துவரும். மறுநாள் அதே இடத்தில் கால்பந்து உருண்டால் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் கூற இயலாது. கால்பந்துக்காரர்களின் மனக்குறை பெரும்பாலும் இதுதான், அது நியாயமானதும்கூட.

எழுவர் ரக்பி இந்த வகையில் சாதுவானது. ஸ்க்ரமில் அணிக்கு மூவர் மட்டுமே. ஆட்டம் பாதிக்கு 7 நிமிடங்கள்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும், இந்தியாவில் இன்று வளர்ந்துவருவதும் இந்த வடிவமே. நம் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றதும் இதுதான் என்பது என் கருத்து. ரக்பி என்றதும் அந்நிய ஆட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளலாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிவரும் 'கல்கத்தா கோப்பை', கல்கத்தாவில் கலைக்கப்பட்ட ஒரு ரக்பி கழகத்தின் வங்கிக் கணக்கில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்யப்பட்டது. இன்னொன்று, கபடியில் ஓடிவருபவரின் இடுப்பையும் தொடையையும் பிடித்து மடக்கப் பழகிய நம் தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு, ரக்பியின் பிடி பாதி பாடம் படித்ததுபோல. பந்தைப் பின்னோக்கியே கைமாற்ற வேண்டும் என்ற விதி மட்டும்தான் புதிது.

புல்லுக்குத் திரும்புவோம். வெப்பமண்டல நாடுகளின் ஆடுகளங்களில் பெரும்பாலும் வளர்க்கப்படும் 'பெர்முடா' புல் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்லின் குடும்பம். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்லின் கலப்பினங்கள்தான் பன்னாட்டு அரங்குகளில் விரிகின்றன. வெயிலைத் தாங்கும், மிதித்தாலும் படர்ந்து மீளும். ஆனால், அதற்கு இரண்டு வேண்டும்: தண்ணீர், ஓய்வு. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன செவ்வகக் களத்துக்கு மட்டும் தினமும் 45,000 லிட்டருக்கு மேல் தேவை. 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் நான்கு. குடிநீருக்கு மக்கள் குடத்துடன் நிற்கும் மே மாதத்தில் இதைக் குடிநீர்க் குழாயிலிருந்து எடுப்பது தவறு, எடுக்கவும் விடமாட்டார்கள். சுத்திகரித்த கழிவுநீரைக் களத்துக்குக் கொண்டுவரும் குழாய் வசதியும், மழைநீரைச் சேமிக்கும் தொட்டியும் அரங்கின் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். வரைபடத்தில் பார்வையாளர் மாடத்துக்கு எத்தனை வண்ணம் தீட்டப்பட்டிருந்தாலும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது அதில் இல்லையென்றால் அந்தப் புல்லுக்கு ஆயுள் ஒரு கோடைதான்.

செயற்கை இழைத் தளம் அமைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். நாள் முழுவதும் ஆடலாம், மழைக்கும் அஞ்ச வேண்டாம் என்பது உண்மை. ஆனால், நம் ஊர் நண்பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். எட்டு, பத்து ஆண்டுகளில் முழுவதையும் பெயர்த்து மாற்ற வேண்டும். ரக்பிக்கு என்றால், விழுபவரின் தலையைக் காக்க நீளமான இழைகளும் அடியில் அதிர்வு தாங்கும் மெத்தையும் அவசியம். உலக ரக்பி அமைப்பு இதற்கெனத் தனி ஒழுங்குவிதியே வைத்திருக்கிறது. கால்பந்துக்கு மட்டும் என்று எண்ணிக் குட்டை இழைகளைப் பதித்துவிட்டால், பின்னாளில் ரக்பிக்குக் கதவு அடைபட்டுவிடும். எந்தத் தளமாயினும், இரு ஆட்டங்களுக்கும் என்ற முடிவு தளம் அமைக்கும் முன்பே எடுக்கப்பட்டாக வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

பணம் நிறைய இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் மாற்றுச் சான்று உண்டு. சிங்கப்பூரில் 2014-இல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கம் 55,000 பேர் அமரக்கூடியது. கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், தடகளம் நான்குக்கும் ஏற்ப இருக்கைகளை நகர்த்திக்கொள்ளும் அமைப்பும், மூடித் திறக்கும் கூரையும் கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் அங்கே மோதின. நெய்மர் நான்கு கோல்கள் அடித்தார். உலகம் பேசியது கோல்களைப் பற்றி மட்டுமன்று, மணல் தெரிந்த தரையைப் பற்றியும்தான். பிரம்மாண்டக் கூரையின் நிழலில் புல் வளரவில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடையே அதற்கு ஓய்வும் போதவில்லை. மறு ஆண்டே புல்தரையை மாற்ற நேர்ந்தது. அதன்பின் அங்கே எழுவர் ரக்பியின் உலகத் தொடரும் நடந்தது, கால்பந்தும் நடந்தது.

தரையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அரங்கம் யாருடையது?

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஒரு கம்பளி ஆலை நகரம். அங்கே கால்பந்துக் கழகமும் ரக்பி கழகமும் நகரின் உள்ளாட்சி மன்றமும் சேர்ந்து ஒரு நிறுவனத்தை அமைத்தன. மன்றத்துக்கு 40 விழுக்காடு, கால்பந்துக் கழகத்துக்கு 40, ரக்பி கழகத்துக்கு 20 எனப் பங்கு பிரித்து அரங்கைக் கட்டின. 1994-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கத்துக்கு மறு ஆண்டே பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் நிறுவனத்தின் விருதும் கிடைத்தது. அங்கே ஆடப்படுவது பதின்மூன்று பேர் கொண்ட ரக்பி லீக். 1996 முதல் அதன் முதல்நிலைப் போட்டி குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றப்பட்டதும் அரங்குக்கு நல்லதாயிற்று. கால்பந்து ஓயும்போது ரக்பி உச்சத்துக்கு வரும். ஹல் நகரிலும் இதே இணைதான். அங்கே உள்ளாட்சி மன்றம் தனக்குச் சொந்தமாக இருந்த தொலைபேசி நிறுவனத்தின் பங்குகளை விற்ற பணத்தில் 2002-இல் அரங்கம் கட்டியது. தொலைபேசி நிறுவனம் நடத்திய நகராட்சி என்பது நமக்குக் கதைபோல இருக்கும், அது உண்மை.

கவன்ட்ரியின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே 2005-இல் திறக்கப்பட்ட அரங்கம் உள்ளாட்சி மன்றத்துக்கும் ஓர் அறக்கட்டளைக்கும் உரியது. தன் பழைய மைதானத்தை விற்றுவிட்டு வந்த கால்பந்துக் கழகம் அதில் வெறும் வாடகைதாரர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் வாடகை. ஆட்டத் தரவரிசையில் கழகம் சரியச் சரிய வாடகை சுமையாகி, தகராறாகி, 2013-இல் கழகம் 50 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நார்தாம்ப்டனில் போய்த் தன் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஆடியது. 2014-இல் அரங்கை நிர்வகித்த நிறுவனத்தை, வேறு ஊரிலிருந்து வந்த வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கழகம் வாங்கிவிட்டது. உள்ளூர்க் கழகம் குடிவந்தவரிடமே குடித்தனக்காரராயிற்று. மீண்டும் பிணக்கு, மீண்டும் இரண்டு ஆண்டுகள் பர்மிங்ஹாமில் அகதி வாழ்வு. 2022-இல் காமன்வெல்த் விளையாட்டின் எழுவர் ரக்பி மூன்று நாள்கள் அங்கே நடந்தபின் தரை சிதைந்து, ஆகஸ்டில் நடக்கவேண்டிய கால்பந்து ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் வாஸ்ப்ஸ் கழகம் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. அரங்கம் ஒரு வணிகக் குழுமத்தின் கைக்குப் போய், 2025-இல்தான் கால்பந்துக் கழகத்துக்கே உரிமையாயிற்று. இருபது ஆண்டுகள்! கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் காகிதத்தில் இருந்தது.

இங்கிலாந்துவரை போகவேண்டாம் என்றால், செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் போதும். கொச்சி நேரு அரங்கம் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கு உரியது. 2017-இல் நடந்த 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அங்கே புதிய புல்தரை இடப்பட்டது. 2018 மார்ச்சில், மேற்கிந்தியத் தீவுகளுடனான ஒருநாள் கிரிக்கெட் ஆட்டத்தை அங்கே நடத்தக் கிரிக்கெட் சங்கம் முனைந்தது. அப்படியானால் புல்தரையின் நடுவே ஆடுதளம் தோண்ட வேண்டும். கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். அக்கழகத்தின் பங்குதாரராக அப்போது இருந்த சச்சின் டெண்டுல்கரே கால்பந்துத் தரையைக் காக்குமாறு கேட்டுக்கொண்டார். கடைசியில் ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. பெங்களூரு கண்டீரவா அரங்கில் தடகள வீரர்களுக்கும் கால்பந்துக் கழகத்துக்கும் இடையே மூண்ட பூசலும் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இவற்றில் எந்தத் தரப்பையும் பேராசைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். எந்த நாள் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காத இடத்தில் எல்லோருக்கும் உரிமை இருப்பதாகவே தோன்றும்.

இத்தகைய பங்கீடு நம் மண்ணுக்குப் புதிதா? கண்மாய்ப் பாசனத்தில் வாழ்ந்த பகுதி இது. எந்த மடை எப்போது திறக்கும், கடைமடைக்குத் தண்ணீர் எந்த முறையில் போகும், கரை உடைந்தால் யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள் வரவேண்டும் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தது. முறையைக் கவனிக்க நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது. வயல்காரர் யாரும் தாமாக மடையில் கைவைக்க முடியாது. விளையாட்டரங்குக்கும் அப்படி ஒருவர் வேண்டும். மைதானப் பராமரிப்பாளர் 'இன்று தரை ஆட்டத்துக்கு ஆகாது' என்று சொன்னால், கேட்பவர் கட்சிப் பொறுப்பாளராக இருந்தாலும் கழகத் தலைவராக இருந்தாலும் அந்தச் சொல்லே இறுதியானதாக இருக்க வேண்டும். நம் அரங்குகளில் அந்தப் பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியாள். பொதுக்கூட்டத்துக்குப் பந்தக்கால் நடும்போது தடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

இனி நம் இரு ஊர்களுக்கு வருவோம். இரண்டு இடத்திலும் ஓடுதளம், நடுவே கால்பந்து, ஓரத்தில் கூடைப்பந்து என்று ஒரே அச்சில் வார்த்தால், இரண்டிலும் ஓடுதளம் முழு அளவில் வராது, புல்லும் நிலைக்காது. அதற்குப் பதிலாக, ஓர் ஊரில் தடகளத்துக்கான முழு ஓடுதளமும், மற்றோர் ஊரில் ஓடுதளம் இல்லாத செவ்வகப் புல்தரையும் அமையட்டும். கபடி, கைப்பந்து, கோ-கோ களங்கள் இரண்டிலும் இருக்கலாம். அவற்றுக்கு இடமும் செலவும் குறைவு. புல்தரையில் கால்பந்துக்கே முதலுரிமை. ரக்பிக்குப் பருவத்தில் சில வாரங்கள். எந்த ஊருக்கு எது என்பதைக் கௌரவம் தீர்மானிக்கக் கூடாது. புல்தரை, ஆண்டு முழுவதும் குடிநீர் அல்லாத நீர் உறுதியாகக் கிடைக்கும் ஊருக்குப் போகட்டும். ஓடுதளம், 4 ஏக்கர் ஒரே துண்டாகக் கிடைக்கும் ஊருக்கு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பதினோரு கிலோமீட்டர் என்பது காரில் போகும் அதிகாரிக்குக் கால் மணி நேரம். மாலை 4.30-க்குப் பள்ளி முடிந்து, வீட்டுக்குப் போய்ப் புத்தகப் பையை வைத்துவிட்டு, பேருந்து பிடித்து, 6.30-க்குப் பயிற்சி முடிந்து இருட்டில் திரும்பவேண்டிய எட்டாம் வகுப்பு மாணவிக்கு அது வேறு தொலைவு. பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன என்பது சரிதான். அவை அந்நேரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் அலுவலகம் விட்டவர்களும் நெருக்கியடிக்கும் பேருந்துகள். பெற்றோர் ஒரு வாரம் அனுப்புவார்கள். மறுவாரம் 'விளையாட்டு போதும்' என்பார்கள். ஆகவே, தினசரிப் பயிற்சி அவரவர் ஊரில், அவரவர் பள்ளி மைதானத்தில்தான் நடக்க வேண்டும். பகிர்ந்துகொள்ளத்தக்கது போட்டிக்கான களம். ஹடர்ஸ்ஃபீல்டிலும் இரு கழகங்களும் அரங்கின் தரையில் அன்றாடம் பயிற்சி செய்வதில்லை. தனி மைதானங்களில் பயின்றுவிட்டு ஆட்டத்துக்குத்தான் அங்கே வருகின்றன. இந்த வேறுபாட்டை மறந்து, அரங்கம் வந்துவிட்டது என்று சொல்லிப் பள்ளி மைதானங்களில் கட்டடம் எழுப்பினால், அரங்கில் ஆட ஆளே இருக்காது. பள்ளிகளின் வெற்று மண்தரைகளைக் கல் பொறுக்கிச் சமன்படுத்துவதற்கும் ஒரு தொகையை இத்திட்டத்திலேயே ஒதுக்குவது நல்லது.

நாள்காட்டி நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. பள்ளிகளின் போட்டிகள் பெரும்பாலும் ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை, அப்போது கால்பந்து. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த ஆட்டமும் வைக்க யாரும் துணியமாட்டார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்காலம். அந்த இரு மாதங்களும் களத்தைப் பூட்டி வைத்தால், நீரும் ஓய்வும் ஒருசேரக் கிடைத்துப் புல் வேர்பிடித்துவிடும். ஈரத்தரையில் ஒரே ஒரு ஸ்க்ரம் செய்யும் சேதத்தை ஆற்ற ஒரு மாதம் ஆகும் என்பதால், இந்தப் பூட்டு முக்கியம். பொங்கலுக்குப் பின் மாசி வரை, தரை காய்ந்து உறுதியாக இருக்கும்போது எழுவர் ரக்பி. பங்குனியில் தேர்வுகள். சித்திரை, வைகாசியில் காலையிலும் மாலையிலும் கோடைப் பயிற்சி முகாம்கள்.

செலவுப் பங்கீட்டுக்கும் வழி இருக்கிறது. இரு நகராட்சிகளின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்துக்கு மூன்று என்ற விகிதத்தில் உள்ளது. பராமரிப்புச் செலவையும் அதே விகிதத்தில் ஏற்கலாம். கட்டுவதற்கான பணம் அரசிடமிருந்து வந்துவிடும். திறப்பு விழாவும் நடந்துவிடும். களம் வெட்டும் இயந்திரத்துக்கு டீசல், உரம், மின்கட்டணம், இரு பணியாளர்களின் சம்பளம் ஆகியவை எந்த விழாவிலும் பேசப்படாதவை. அவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வரும் தலைப்பு எது என்பது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் இரு நகராட்சிகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆலைகளும் வணிகர்களும் நிறைந்த ஊர்கள் இவை. நன்கொடை தருபவர் பெயரைப் பார்வையாளர் மாடத்தில் எழுதலாம். நாள்காட்டியில் அவருக்குத் தனி நாள் கொடுக்கக் கூடாது.

ரக்பிக்கு இன்று இங்கே ஆட்டக்காரர் எத்தனை பேர், அதற்காக ஏன் இத்தனை ஏற்பாடு என்று கேட்கத் தோன்றும். கூடுதலாகக் கேட்கப்படுவது என்ன என்று பாருங்கள். நீளத்தில் 7 மீட்டர். கம்பங்களை நட்டுக் கழற்றுவதற்காகத் தரைக்குள் நான்கு இரும்புக் குழாய்கள். ரக்பிக் கம்பங்கள் 5.6 மீட்டர் இடைவெளியில் நிற்பவை, குறுக்குச் சட்டம் 3 மீட்டர் உயரத்தில் இருப்பது, 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கால்பந்துக் கோலோடு இது பொருந்தாது என்பதால் இரண்டும் கழற்றி மாட்டத்தக்கவையாக இருந்தால் போதும். கோடுகளுக்கு நீரில் கரையும் இரு வண்ணப் பூச்சு. களம் அமைக்கும்போதே செய்தால் மொத்தச் செலவில் இது கண்ணுக்குத் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருபது மாணவிகளுக்கு ரக்பி கற்றுக்கொடுத்துவிட்டு வந்து நிற்கும்போது, சுற்றுச்சுவரை இடித்தாலொழிய அந்த 7 மீட்டர் கிடைக்காது.

கொழும்பில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குதிரைப் பந்தயத்துக்காக அமைக்கப்பட்ட மைதானம், இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையாகி, பின்னர் ரக்பிக்கான அரங்கமாயிற்று. 2021 நவம்பரில் நான்கு நாடுகள் மோதிய கால்பந்துப் போட்டி நடந்ததும் அதே தரையில்தான். திறந்த செவ்வகமாக விடப்பட்ட நிலத்தில் எந்த ஆட்டமும் பின்னர் வந்து சேரலாம்.

காலை நடைப்பயிற்சியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தத் திட்டம் முதல் மாதமே தடுமாறும். அரங்கம் திறந்த மறுநாள் விடியற்காலை முதலில் வருபவர்கள் அவர்கள்தாம். ஊரில் செல்வாக்கும் அவர்களுக்குத்தான் அதிகம். புல்லின் மேல் நடப்பதற்குத் தடை என்றால் மனு போகும். செவ்வகக் களத்தைச் சுற்றி, 5 மீட்டர் பாதுகாப்புப் பரப்புக்கு வெளியே, 2 மீட்டர் அகலத்தில் ஒரு மண் நடைபாதை அமைத்தால் சுற்றொன்றுக்கு 400 மீட்டருக்கு மேல் வரும். அதற்குத் தனி வாயில், தனிப் பூட்டு. காலை 5 மணிக்கு அந்த வாயில் திறக்கட்டும். களத்தின் வாயிலுக்கான சாவி மைதானப் பராமரிப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும்.